மலைநாட்டுத் தமிழரும் பிரசாவுரிமைப் பத்திரமும்

ஒரு நாட்டிலே பிறந்து, அந்நாட்டின் மண்ணைக் கொத்திப் பொருள் பெருக்கி, ஈற்றில் அம்மண்ணுக்கே உரமான ஒருவன் அந்நாட்டினன்தானா என்ற ஐயம் எழுதல் கூடுமோ? கூடும் என்பதையும், அவ்வையம் தீர ஐம்பத்தைந்து ஆண்டுகள் செல்லும் என்பதையும் இலங்கை மலைநாட்டின் வரலாறு நமக்குக் காட்டுகின்றது.

அட்டனை அடுத்த தோட்டப் பகுதியிலே வரலாறு கற்பித்து வருபவன் யான். சில ஆண்டுகளுக்கு முன் மாணவி ஒருத்தி தன் பூட்டனாருடைய பழைய கடதாசிகள் சிலவற்றை வகுப்புக்குக் கொண்டுவந்தாள். ஒரு றங்குப் பெட்டியின் அடியிலே நெடுங்காலம் கிடந்தவை அவை. 1951ஆம் ஆண்டில் அனுப்பிய விண்ணப்பமொன்று கிடைத்ததென அறிவிக்கும் சீட்டு ஒன்று; அவ்விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதைத் தெரிவிக்கும் கடிதம் ஒன்று. "அவர் இங்கேதானே பிறந்தார்? பிறகு ஏன் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது?" என்று அவள் வினவினாள். அன்று யான் கூறிய விடை எனக்கே நிறைவு தரவில்லை. அதனை நிறைவு செய்யும் முயற்சியே இக்கட்டுரை.

கோப்பியும் தேயிலையும்

கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1820களில் கம்பளைப் பகுதியிலே கோப்பிப் பயிர்ச் செய்கை தொடங்கிற்று. தோட்டவேலைக்கு ஆட்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்தனர். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே கால்நடையாக மாத்தளை வரை ஏறிய அவர்களுள் வழியிலேயே மாண்டோர் பலர். கோப்பி பருவகாலப் பயிர். பழம் பறிக்கும் சில மாதங்களிலேதான் பெருந்தொகையினர் வேண்டப்பட்டனர். ஆகவே வந்தவர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவது வழக்கமாயிற்று. 'வந்து போகும் கூலி' என்ற எண்ணம் ஆள்வோர் மனத்திலே வேரூன்றியது அக்காலத்திலேதான்.

1869ஆம் ஆண்டு முதல் இலைநோய் கண்டு கோப்பி அழிந்தது. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட தேயிலை, அடுத்த இருபது ஆண்டுகளுள் மலைச்சரிவுகளை மூடிற்று. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது. அதனைப் பறிக்கப் பெண்களின் கைகள் வேண்டும். அவர்கள் தங்கக் குடும்பம் வேண்டும். குடும்பம் வாழ லயம் வேண்டும். எனவே இம்மக்களை இந்நாட்டின் நிரந்தரக் குடிகளாக்கியது அவர்களது விருப்பம் மாத்திரமன்று. தேயிலைச் செடியின் இயல்பும், அதனால் இலாபம் கண்ட முதலாளிகளின் தேவையுமே என்க. செடி மாறியது, மக்களின் வாழ்க்கை மாறியது, 'வந்து போகும் கூலி' என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை. பின்னர் விளைந்த துயரங்களுக்கு வித்து இதுவேயாகும்.

நாள்தோறும் எழுதிய பேர்

இம்மக்களைப் பற்றிய எழுத்தே இல்லை என்று கருதுதல் தவறு. விடியற்காலையில் பிரட்டுக் களத்திலே ஆட்கள் கூடுவர். வேலை செய்தவர் பெயர் அன்றன்று செக்றோலிலே பதியப்படும். ஒரு நாள் வேலைக்குத் தோட்டத்து வழக்கில் 'ஒரு பேர்' என்றே பெயர், குறைவேலைக்கு 'அரைப்பேர்'. பறித்த கொழுந்தின் இறாத்தல், கொடுத்த அரிசி, கழித்த கடன் யாவும் கணக்கில் ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக வேண்டின், 'இவரது கடன் இவ்வளவு. அதனைத் தீர்த்தால் இவரை விடுவிப்போம்' என்று எழுதிய 'துண்டு' வேண்டியிருந்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேதான் அத்துண்டுமுறை ஒழிந்தது. எனவே இம்மக்களின் வாழ்விலே புகுந்த முதற்பத்திரம் உரிமைப் பத்திரம் அன்று, கடன் பத்திரமே.

இவ்வேடுகள் யாவும் தோட்டத்துக்கு உரியவை. தொழிலாளிக்கு உரியவை அல்ல. பிறப்பைப் பதிவதும் அவன் கையில் இருக்கவில்லை. அவ்வறிவித்தல் தோட்டத்துரை மூலமே செல்ல வேண்டியிருந்தது. முன்னைத் தலைமுறையினரின் பிறப்புகள் பல பதிவேறவேயில்லை. பதிவேறிய இடத்தும், எழுதுவோன் செவிக்கு எட்டியவாறு பெயர்கள் திரிந்தன. ஒருவனுடைய பெயர் செக்றோலில் ஒருவிதமாகவும் பிறப்புப் பதிவில் வேறுவிதமாகவும் இருத்தல் அரிதன்று. உழைப்பை எண்ணுவதற்கு நாள்தோறும் எழுதிய பெயர், உரிமையை நாட்ட வேண்டிய நாளிலே சான்றாகவில்லை என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

வாக்குரிமையும் நிரந்தரக் குடியிருப்பும்

டொனமூர் ஆணைக்குழுவின் சிபாரிசினை அடுத்து 1931இல் இலங்கையில் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. தோட்டத் தொழிலாளருக்கும் அது கிடைத்தல் வேண்டும் என்றதும் கண்டிச் சிங்களத் தலைவர்கள் அஞ்சினர். அவ்வச்சத்தை வெறும் பகைமை என்று ஒதுக்குதல் வரலாற்றாசிரியனுக்கு அழகன்று. 1840ஆம் ஆண்டு முடிக்குரிய நிலக் கட்டளைச் சட்டத்தின் பின் கண்டிக் கிராமத்தவர் தம் காடுகளையும் சேனைகளையும் இழந்தனர். அந்நிலங்களில் எழுந்த தோட்டங்களிலே அயலவர் பெருகக் கண்டனர். நிலத்தைப் பறித்தவன் வெள்ளையன். ஆயினும் கண்ணெதிரே நின்றவன் தொழிலாளி. பறித்தவன் மீது எழ வேண்டிய சினம் உழைத்தவன் மீது விழுந்தது.

ஆகவே 1931ஆம் ஆண்டு விதிகள் மூன்று வாயில்களை வைத்தன. இலங்கையையே நிலையான தாயகமாகக் கொண்டவர் என நிறுவுதல் ஒன்று. எழுத்தறிவும் சொத்தும் உடையவர் எனக் காட்டுதல் மற்றொன்று. ஐந்தாண்டு வசித்தவர் நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெறுதல் மூன்றாவது. மூன்றாம் வாயிலால் நுழைவோர், இந்தியத் தொழிலாளர் என்ற முறையில் தமக்கிருந்த விசேட பாதுகாப்புகளைத் துறத்தல் வேண்டும். அதனை நாடியோர் மிகச் சிலரே. எனினும் முதல் வாயிலாற் பலர் நுழைந்தனர். அட்டன் தொகுதியில் 1931இல் தெரிவான பெரி. சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். 1936இல் அத்தொகுதியிலே கோ. நடேசையர் வெற்றி பெற்றார். 1939இல் ஏறத்தாழ 225,000 ஆக இருந்த இந்திய வாக்காளர் தொகை, பதிவு விதிகள் இறுக்கமாகக் கையாளப்பட்டமையால் 1943இல் ஏறத்தாழ 168,000 ஆகக் குறைந்தது. ஆட்கள் குறையவில்லை, கேட்கப்பட்ட சான்றுகளே கூடின.

1948ஆம், 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள்

1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் ஏறத்தாழ 780,000 பேர். நாட்டு மக்களில் 11.7 சதவீதத்தினர், இலங்கைத் தமிழரிலும் தொகையாற் சற்று மிக்கவர். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அவர்களது இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலைநாட்டிலே பல ஆசனங்களைக் கைப்பற்றிற்று. நுவரெலியாவில் சௌ. தொண்டமானும் தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும் தெரிவாயினர். வேறு தொகுதிகளில் இடதுசாரிகளின் வெற்றிக்கும் தோட்ட வாக்குகள் துணை செய்தன.

சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே டி. எஸ். சேனநாயக்காவின் அரசாங்கம் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றிற்று. அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்கு முன் இலங்கையிலே பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாக வேண்டின், அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருத்தல் வேண்டும். இங்கே பிறந்தமை மட்டும் போதாது. தாயின் பிறப்பிடம் கணக்கிலே இல்லை.

இச்சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் குறிக்கப்படவில்லை. ஆயினும் அயற்கிராமத்துச் சிங்கள விவசாயியிடமோ யாழ்ப்பாணத்துக் கமக்காரனிடமோ பாட்டனின் பிறப்பு அத்தாட்சியை எவரும் கேட்கவில்லை. கேட்டிருப்பின் அவர்களுள்ளும் பலர் திகைத்திருப்பர். எல்லாருக்கும் பொதுவான விதி, ஒரு சாராரிடம் மாத்திரம் சான்று கேட்கப்பட்டபோது, தனிவிதியாயிற்று.

வம்சாவளியால் உரிமை பெறாதோர் பதிவினாற் பெறலாம் எனக் கூறி வந்தது, 1949ஆம் ஆண்டு 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம். 1946 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன் விவாகமானவர் ஏழாண்டும் விவாகமாகாதவர் பத்தாண்டும் இந்நாட்டிலே இடையறாது வசித்திருத்தல் வேண்டும். அதன் பின்னரும் தொடர்ந்து வசித்திருத்தல் வேண்டும். ஒருமுறைக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டை விட்டு நீங்கியிருத்தலாகாது. மனைவியும் இளம்பிள்ளைகளும் இங்கு வசித்தமையைக் காட்டல் வேண்டும். போதிய வருமானம் வேண்டும். 1951 ஆகஸ்ட் 5ஆம் நாளுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும்.

காகிதத்திலே இவை பெரிய தடைகளாகத் தோன்றமாட்டா. ஆயினும் விண்ணப்பிப்பவரின் நிலையை எண்ணிப் பார்ப்போம். எழுத்தறியாத ஒருவர், பதினைந்து ஆண்டுகளாகத் தாம் எங்கே இருந்தார் என்பதைத் தாளிலே நிறுவ வேண்டும். அவர் இரண்டு மூன்று தோட்டம் மாறியிருக்கலாம். பழைய செக்றோல் ஒரு தோட்டத்தின் அலுமாரியில் இருக்கும். அதனைக் காட்டச் சொல்லும் தகுதி அவருக்கு இல்லை. திருச்சி மாவட்டத்துக் கிராமமொன்றிலே தாய் இறந்தாள் என்று போனவர், மீண்ட நாளை எதனைக்கொண்டு நிறுவுவார்?

இலங்கை இந்தியக் காங்கிரஸ் இச்சட்டத்தை எதிர்த்து முதலில் விண்ணப்பிப்பதைப் பகிஷ்கரித்தது. பின்னர்த் தன் முடிவை மாற்றிற்று. அதனால் இறுதி மாதங்களிலே விண்ணப்பங்கள் வெள்ளம்போற் குவிந்தன. ஏறத்தாழ 825,000 பேரைக் குறித்து 237,000 விண்ணப்பங்கள் சென்றன. விசாரணைகள் பத்தாண்டுக்கு மேலாக இழுபட்டன. ஈற்றிலே உரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. அறுவரில் ஒருவர் உள்ளே சென்றார். ஏனையோர் வாயிலிலே நின்றனர்.

1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரசைகளுக்கே வாக்கு என்று விதித்தது. 1952 ஏப்ரல் முதல் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் காங்கிரசார் கொழும்பிலே சத்தியாக்கிரகம் செய்தும் பயனில்லை. அவ்வாண்டுத் தேர்தலில் அவர்களது பிரதிநிதி ஒருவரேனும் பாராளுமன்றம் புகவில்லை.

வடக்கிலுள்ளோர் இங்கே ஒன்றை மறத்தலாகாது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் பின்னர் அரசாங்கத்திலே சேர்ந்தார். அச்சேர்க்கையும் மலைநாட்டார் பிரச்சினையும் தமிழ்க் காங்கிரசைப் பிளந்தன. பிரிந்து சென்ற எஸ். ஜே. வி. செல்வநாயகம் முதலானோர் 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியை நிறுவினர். மலைநாட்டின் வழக்கு மலைநாட்டோடு நின்றுவிடவில்லை.

நீதிமன்றத்தின் முன்னும் இரு பிரதமர் முன்னும்

சோல்பரி அரசியற்றிட்டத்தின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு மாத்திரம் பாதகமான சட்டம் இயற்றுவதைத் தடுத்தது. அதனை நம்பி றுவன்வெல்லைத் தொகுதியில் வதிந்த கொடக்கன்பிள்ளை என்பவர் தம் வாக்குரிமையைக் கோரினார். வாக்காளர் இடாப்பைத் திருத்தும் அதிகாரி அவர் பக்கமே தீர்த்தார். ஆயின் 1951இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிற்று. 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலும் அதனையே உறுதி செய்தது. தன் பிரசைகள் யாவர் என வகுத்தல் ஒரு சட்டசபையின் இயல்பான தொழில் என்றும், இந்தியத் தமிழரின் போக்குவரவுப் பழக்கம் அதற்குப் பொருத்தமான செய்தி என்றும் கவுன்சில் கண்டது. கோப்பிக் காலத்து எண்ணம் தேயிலைக் காலத்துத் தீர்ப்பிலே உயிர் பெற்றமையை நோக்குக.

இந்தியாவும் இவர்களைத் தன் பிரசைகளாகத் தானே ஏற்கவில்லை. விரும்பியோர் தன் அலுவலகத்திற் பதிந்துகொள்ளலாம். ஏனையோர் இலங்கையின் பொறுப்பு என்பதே நேருவின் நிலை. இரண்டு நாடும் 'எம்மவரல்லர்' என்றமையாலே 'நாடற்றவர்' என்ற சொல் பிறந்தது. 1954ஆம் ஆண்டு நேரு–கொத்தலாவலை ஒப்பந்தம் அச்சிக்கலை அவிழ்க்கவில்லை.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றோர் 975,000 பேர் எனக் கணித்து, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் பதினைந்து ஆண்டுகளில் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் பாதி பாதியாகப் பகிர்ந்தனர். ஏழு பேர் அங்கே, நால்வர் இங்கே என்ற விகிதத்திலே மனிதர் எண்ணப்பட்டனர். எண்ணப்பட்டவரின் சம்மதம் கேட்கப்படவில்லை. இலங்கையிலே இருக்க விரும்பி விண்ணப்பித்தோர் ஒதுக்கிய தொகையிலும் மிகப் பலர் என்பதே அவர்களது உள்ளக்கிடக்கைக்குச் சான்று.

இயற்கைப் பெருக்கம் உட்பட நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தியா சென்றனர். அட்டன் முதலிய நிலையங்களிலிருந்து அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்துக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. ஒரே லயத்திலே அண்ணன் ஒரு நாட்டவன், தம்பி மற்றொரு நாட்டவன் ஆயினர். 1984இல் போர் காரணமாகத் தலைமன்னார்க் கப்பற்போக்குவரத்து நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றும் போக இயலாதவராய்ப் பல்லாயிரவர் லயங்களிலேயே தங்கினர்.

நம்பிக்கை வைத்த சட்டங்கள்

1977இல் தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் மீண்டும் தெரிவானார். 1978ஆம் ஆண்டு அரசியற்றிட்டம் வம்சாவளிப் பிரசைக்கும் பதிவுப் பிரசைக்கும் இடையிருந்த வேறுபாட்டை நீக்கிற்று. 1986ஆம், 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் இந்தியப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பியாதோரை இலங்கைப் பிரசைகளாக்கின. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு சத்தியக் கடதாசியே சான்றாக ஏற்கப்பட்டது. ஈற்றில், 1964 அக்டோபர் 30 முதல் இந்நாட்டிலே நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் பிரசாவுரிமை வழங்கிற்று. இந்தியக் கடவுச்சீட்டு உடையோரும் ஓர் உறுதிமொழி எழுதிக்கொடுத்துப் பிரசையாகலாம். ஐக்கிய நாடுகள் அகதிகள் ஸ்தாபனத்தின் துணையுடன் அவ்வாண்டு இறுதியிலே தோட்டந்தோறும் நடந்த இயக்கத்தில், பத்து நாள் அளவிலே 190,000 பேர் உரிமை பெற்றனர்.

இவ்விரண்டு தொகைகளையும் ஒப்பிட்டு நோக்குதல் தகும். சான்றைக் கேட்ட சட்டத்தின் கீழ்ப் பத்தாண்டுக்கு மேலாகியும் 134,000 பேர். சொல்லை நம்பிய சட்டத்தின் கீழ்ப் பத்து நாளில் 190,000 பேர். அவ்வைம்பது ஆண்டுகளில் மக்கள் புதிய பத்திரம் எதனையும் தேடிப் பெற்றுவிடவில்லை. மாறியது, சான்று கூறும் பாரம் எவர் தோளில் என்பதே.

இஃது இலங்கைக்கு மாத்திரம் உரிய கதையன்று. 1948 ஜூன் மாதத்திலே 'எம்பயர் விண்ட்றஷ்' என்னும் கப்பலில் மேற்கிந்தியத் தீவினர் பலர் பிரித்தானியாவில் வந்திறங்கினர். அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தோரும் அங்கே வாழும் உரிமையுடன் உழைத்து முதுமையடைந்தனர். அரை நூற்றாண்டுக்குப் பின் ஆண்டுக்காண்டு வதிந்தமைக்குச் சான்று காட்டுமாறு பணிக்கப்பட்டுப் பலர் தொழில் இழந்தனர். சிலர் நாடு கடத்தப்பட்டனர். அவர்கள் வந்திறங்கிய நாளைக் காட்டும் சீட்டுகளை அரசாங்கமே 2010இல் அழித்திருந்தது. 2018இல் அவ்வுண்மை வெளிப்பட அந்நாடு வெட்கியது. ஏடு ஒருவன் கையிலும் அதனைக் காட்டும் கடமை வேறொருவன் தலையிலும் இருக்கும் இடமெல்லாம் இவ்வநீதி நிகழும்.

முடிவுரை

2023ஆம் ஆண்டில் மலையக மக்களின் இருநூற்றாண்டு வரலாறு நினைவுகூரப்பட்டது. முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்து சென்றனர். பிரசாவுரிமை வந்துவிட்டது. எனினும் தாம் வாழும் லயத்தறைக்கும் அதன் முன்னுள்ள சிறு தோட்டத்துக்கும் உரித்துப் பத்திரம் இல்லாதோர் இன்றும் பலர். ஒரு பத்திரத்தின் வழக்கு முடிந்தது. மற்றொன்றின் வழக்கு நிலுவையிலுள்ளது.

மாணவர்க்கு ஒரு சொல். நும் வீட்டுப் பெட்டியிலே கிடக்கும் பழைய கடதாசி எதனையும் குப்பையென்று எறியற்க. பற்றுச்சீட்டு, பிறப்பு அத்தாட்சி, நிராகரித்த கடிதம் யாவும் வரலாற்றுக்கு மூலங்களாம். முதியோர் சொல்வதைத் திகதியுடன் எழுதி வைத்திடுக. நாளை நீவிர் கச்சேரியிலோ நீதிமன்றத்திலோ அதிகார நாற்காலியில் அமரும்போது, சான்றில்லாமல் முன்னே நிற்பவர் பொய்யர் என்று துணியற்க. அவருடைய சான்றை எழுதியிருக்க வேண்டியவர் யார் என்று முதலில் வினவுக.

கடதாசிகளைக் கொண்டுவந்த மாணவியிடம் அன்று யான் சட்டத்தை மட்டுமே சொன்னேன். இன்றாயின் இவ்வாறு சொல்வேன்: உன் பூட்டனார் இந்நாட்டினர் என்பதற்குச் சான்று நாள்தோறும் எழுதப்பட்டது, அம்மா. அதனை எழுதியவர்கள் சம்பளக் கணக்கு என்று மட்டுமே வாசித்தார்கள்.